ஆயுத பூஜைக்கு யாரைக் கூட்டிப் போவது

சூளகிரிக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துதான் என் நாவலை எழுதினேன். மடியில் டிபன் பாக்ஸ், அதன்மேல் போன். இளவயதில் பிரிந்த இருவர் நாற்பதைத் தாண்டி மறுபடி சந்திக்கும் காதல் கதை. வாரம் ஒரு அத்தியாயம் போனிலேயே அனுப்பிவிடுவேன். பஸ் தோழிகள்தான் வாசகிகள். "அவன் வந்து கேட்டு எத்தனை வாரம் ஆச்சு? இவ இன்னும் ஜன்னலையே பாத்துட்டிருக்கா. வாயைத் தொறக்கச் சொல்லுக்கா!" என்று ஒருத்தி சண்டைக்கே வந்துவிட்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.

அவரும் நானும் ஒரே தொழிற்சாலையில் டிரெய்னிகளாகச் சேர்ந்தவர்கள். அவர் தேன்கனிக்கோட்டைப் பக்கம், ராகி போடும் குடும்பம், வீட்டில் தெலுங்கு. நான் வேலைக்காக விருதுநகரிலிருந்து வந்தவள். காதலித்தோம். அவர் வீட்டில் வேறு பெண் பார்த்தபோது, என்னைப் பற்றி மனிதர் அங்கே மூச்சே விடவில்லை. போய்த் தொலையட்டும் என்று நானும் வீட்டில் காட்டியவரைக் கட்டிக்கொண்டேன். ஒத்துவரவில்லை, விவாகரத்து ஆனது. போன வருஷம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அவரை மறுபடி பார்த்தேன். மனைவியை இழந்திருந்தார். முடி கொட்டி, தொப்பை போட்டு, கையில் ஒரு பை தக்காளியோடு நின்றார். என் நாயகனுக்கு நான் எழுதியிருந்த அகன்ற தோளெல்லாம் கிடையாது. இருந்தும் என் பாழாய்ப்போன நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

சில மாதம் டீயும் பேச்சுமாகப் போனது. பிறகு ஒருநாள், "இப்பவாச்சும் கட்டிக்கலாமா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு தடவை நம்பி ஏமாந்தால் எழுந்து நிற்க எனக்குத் தெம்பில்லை. கதையும் அதே இடத்தில் நின்றது; வாரா வாரம் நாயகியை ஜன்னலோரமே உட்கார வைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தாரைக் கம்பெனிக்குள் விடுவார்கள். ஆளாளுக்குப் பெண்டாட்டி, புருஷன், பிள்ளைகளைக் கூட்டி வந்து, "இதுதான் என் மெஷின்" என்று பெருமையடிப்பார்கள். நான் வருஷா வருஷம் தனியாகப் போய், என் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பொரியோடு திரும்புவேன். இந்த முறை அவர், "உன் மெஷினைப் பாக்க நானும் வரட்டா?" என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, "வெள்ளைச் சட்டை போட்டுட்டு வாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். யாராவது கேட்டால் தெரிந்தவர் என்று சமாளித்துக்கொள்ளலாம் என்ற தைரியம்தான்.

கேட்டில் ஒரே கூட்டம். செக்யூரிட்டி அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாரும்மா இவரு? ஃபேமிலின்னாத்தான் உள்ள விடுவேன்."

தெரிந்தவர் என்றால் உள்ளே விடமாட்டார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். முகம் வெளிறி, நான் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொண்டு திரும்பிப் போகத் தயாராக நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் பயமெல்லாம் எங்கே ஓடியதோ!

"ஃபேமிலிதாண்ணா. நான் கட்டிக்கப் போறவரு."

பின்னால் நின்ற பஸ் தோழிகள் போட்ட கூச்சலில், உள்ளே பூஜைக்கு அடித்த மேளமே அடங்கிவிட்டது. "அடிப்பாவி அக்கா! கதையில அவளை அந்த நிறுத்து நிறுத்திட்டு, இங்க என்ன வேலை பண்ணியிருக்க நீ!"

செக்யூரிட்டி அண்ணன் சிரித்தபடி அவரைக் கேட்டார்: "வீட்ல ஒத்துக்கிட்டாங்களா சார்?"

"நேத்து சொல்லிட்டேன் சார். எங்கம்மா கத்துனாங்க, அப்பறம் எப்பக் கூட்டிட்டு வரேன்னு கேட்டாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நேத்தா? நான்தான் இன்னும் பதிலே சொல்லலையே!"

"நீ வேணாம்னு சொல்லியிருந்தாலும் பரவால்ல," என்றார். "இந்தத் தடவை வீட்ல சொல்லிரணும்னு இருந்தேன்."

பொட்டும் பூவுமாக அத்தனை பேர் பார்க்க, கேட்டிலேயே நின்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.