கற்பூரம் அடித்து வாங்கிய பிள்ளை

என் பிள்ளையை மீட்டுத் தரச் சொல்லி ஈப்போ கோர்ட்டில் மனுக் கொடுத்தேன். செமோர் பக்கத்துத் தோட்டங்களில் என் பெயர் நாறிப்போனது. கோர்ட்டுப் படி ஏறிய பொம்பளை என்றார்கள். ஏறினேன்தான். வேறு எங்கே ஏறுவது, ரப்பர் மரத்திலா?

நடந்தது இதுதான். குளிர்காய்ச்சலில் என் கணவர் போய்ச் சேர்ந்தார். அதே காய்ச்சலில் நானும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த மகளை, என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், "நீ எந்திரிக்கிற வரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும்" என்று தூக்கிப்போனார். அவர் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. அவருக்குப் பிள்ளை இல்லை.

உடம்பு தேறிப் போய்க் கேட்டபோது வாசலிலேயே மறித்தார். "ரப்பர்ப் பால் வெட்டப் போறவ, பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போவ? இங்க ராசாத்தி மாதிரி இருக்கா." அவர் பெண்சாதி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடி மறுபடி போனேன். கதவுக்குப் பின்னால் பிள்ளையின் குரல் மட்டும் கேட்கும். இரண்டு தீபாவளி போனது. அதற்குப் பிறகுதான் மனு.

சம்மன் போனதும் மூத்தார் ஆடிப்போனார். தோட்டத்துத் துரை காதுக்கு எட்டினால் கங்காணி உத்தியோகம் போய்விடும். எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வந்து நின்றார். லயத்து வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்துச் சனங்களின் வழக்கு தீர்வது அங்கேதான். வெற்றிலைமேல் கற்பூரம் ஏற்றி, சத்தியத்தைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்தால் முடிந்தது. அதை மீறியவனை யாரும் நான் கண்டதில்லை.

"பிள்ளைய இப்பவே தாரேன். மனுவ வாபஸ் வாங்கிடு. இதப் பத்தி இனிமே கோர்ட்டுல வாயத் தொறக்க மாட்டேன்னு பிள்ளை மேல கற்பூரம் அடி" என்றார்.

பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டாவது அடித்திருக்கலாம். எங்கே பொறுத்தேன்? அடித்தேன். கை சுட்டதுகூடத் தெரியவில்லை. அப்புறம்தான் மாட்டுவண்டியிலிருந்து அவளை இறக்கினார். தலை நிறைய எண்ணெய், இரட்டைச் சடை, உப்பிய கன்னம். குறை சொல்ல முடியாதபடி வளர்த்திருந்தார்கள்.

"போம்மா, சித்திகூடப் போ" என்றார்.

சித்தியாம். அங்கேயே அவரை நார்நாராகக் கிழித்தேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எந்தப் புண்ணியவான் சொன்னானோ. என் சதை என் வாசலில் உட்கார்ந்து, வண்டி போன பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பின்னிய சடையை அவிழ்த்துவிட்டாள். "நான்தான்டி உன் அம்மா" என்றால் பாதைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சோறு ஊட்டினால், "போதும் சித்தி" என்பாள். அடம் பிடித்து அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மனுவை வாபஸ் வாங்கும் நாளில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்கு ரயிலேறினேன். வழியெல்லாம் மழை. கோர்ட்டில் மூத்தார் ஒரு தூணோரமாக நின்றிருந்தார். மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் மொழிபெயர்த்தார். நல்ல மனிதர். என் மகளின் கன்னத்தைத் தடவி, "அம்மாட்ட வந்திட்டாய், சந்தோசமோ குஞ்சு?" என்று கேட்டார்.

அவள் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா எங்க?"

அவர் கை அப்படியே நின்றது. அவள் கேட்டதை மாஜிஸ்திரேட்டிடம் அவர் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி என்னிடம், "பிள்ளை, ஏதும் சொல்லவேணுமெண்டால் இப்பவே சொல்லு. கைநாட்டு வைச்சால் பிறகு ஒண்டும் செய்யேலாது" என்றார்.

சொல்வதற்கா இல்லை? பெற்றவள் உயிரோடு வாசலில் வந்து நின்றபோதெல்லாம், அவள் யார் என்று பிள்ளையிடம் சொல்லாமல் வளர்த்தது எந்த ஊர் நியாயம் என்று கேட்டிருப்பேன். தூணோரம் நின்றவரைப் பார்த்தே கேட்டிருப்பேன். ஆனால் நான் கற்பூரம் அடித்தது அவள் மேல். வாயைத் திறந்து, நாளைக்கு அவளுக்கும் அந்தக் காய்ச்சல் வந்தால்?

மாஜிஸ்திரேட் ஏதோ கேட்டார். "துரை கேக்கிறார், உன்ர குறை தீர்ந்துதோ?"

மகள் இன்னும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீந்துருச்சுங்க" என்றேன்.