வெளிச்சுவர் தெரிந்தவர் தேவை

நேர்முகத் தேர்வு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நாற்காலிக்கு அடியில் இருக்கும் பைதான். பட்டுப்புடவைக் கடைப் பை. கெட்டி அட்டை, பளபளப்புத் தாள், பிடித்துக்கொள்ள முறுக்குக் கயிறு, முகப்பில் ஒரு கோபுரம். உதவிப் பேராசிரியர் வேலைக்கு வந்தவர் எங்கள் எதிரே உட்கார்ந்து பல்லவர் காலத்துக் கற்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அவருடைய இடது கால் மட்டும் அந்தப் பை சாய்ந்துவிடாமல் அணைத்துப் பிடித்திருக்கும். வந்தவரின் உடம்பில் முழுக் கவனத்தோடு இருப்பது அந்தக் கால் ஒன்றுதான் என்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் துறைத் தலைவர்.

பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்போன எங்கள் ஊரை ஒட்டி, ஐயம்பேட்டைப் பக்கம் வயலுக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் கட்டடக்கலைக் கல்லூரி. நான் அங்கே ஆங்கிலம் கற்பிக்கிறேன். கட்டடக்கலைக் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் என்பவர் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி. இருந்தாக வேண்டும்; யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். என்னைத் தேர்வுக் குழுவில் சேர்த்ததற்கு ஒரே காரணம், உள்ளே என்ன நடந்தாலும் அது கண்ணியமாக நடந்தது போல எழுதித் தருவேன் என்பது.

துறைத் தலைவர் அம்மா உள்ளூர்க்காரர். நெசவாளர் வீட்டுப் பெண். சென்னையில் படித்து, அயல்நாட்டிலும் படித்துவிட்டுத் திரும்பி வந்த பிறகும் 'இன்னாப்பா'வை விடாதவர். கோபம் வந்தால் மட்டும் வீட்டுத் தெலுங்கு எட்டிப் பார்க்கும். கல்லூரியில் நிலத்தோற்ற வடிவமைப்பு, மரபுக் கட்டடப் பாதுகாப்பு என்று இரண்டு மேற்படிப்புகள். முதலாவதை ஊரார் தோட்டக்காரப் படிப்பு என்பார்கள். இரண்டாவது அம்மாவின் பிள்ளை. கோயில் நகரத்தில் கோயிலைக் காப்பாற்றச் சொல்லித்தரும் படிப்பு இல்லை என்றால் வெட்கக்கேடு என்று பல வருடம் அலைந்து வாங்கி வந்தது. அதற்கு ஓர் ஆசிரியர் குறைந்தார். தை பிறப்பதற்குள் ஆய்வுக் குழு வரும். வரும்போது அந்த இடத்தில் ஆள் இல்லையென்றால் படிப்பை மூடிவிடுவார்கள். அம்மா ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் ஊரை விட்டுக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தார்.

விண்ணப்பங்களுக்குக் குறைவே இல்லை. அதுதான் தொல்லை. எங்கள் ஊருக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் போட்டால் ஒருவர் மட்டும் வருவதில்லை. விண்ணப்பதாரருக்குத் துணையாக ஓர் அம்மா, ஒரு சித்தி, நிச்சயமான பெண், அந்தப் பெண்ணின் அண்ணி. காலையில் சாமி, பிறகு புடவை, சாப்பாடு, நடுவில் நாங்கள். சென்னையிலிருந்து வந்த வெளி நிபுணர் ஒருமுறை, விண்ணப்பதாரர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் சாய்ந்து, கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவை நம்பி எடுக்க எந்தக் கடை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எதிரே இருந்தவர் சொன்னார், கடைக்குப் போகும் வழியோடு. அன்றைக்கு நாங்கள் கேட்ட கேள்விகளில் தயங்காமல் வந்த பதில் அது ஒன்றுதான்.

அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம். ஆணை அனுப்பினோம். ஆள் வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டபோது, பெண் வீட்டில் எல்லாருக்கும் புடவை ரொம்பப் பிடித்துப்போயிற்று என்று நன்றி சொன்னார்.

அம்மா அன்று தெலுங்கில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "மார்கழியில வைப்போம்பா. அப்ப எவனும் கல்யாணப் புடவை எடுக்க மாட்டான். வேலை வேணுங்கிறவன் மட்டும் வருவான்."

அறிவியல் முறைப்படி இதில் குற்றமே காண முடியாது. நானும் அதை வெகுவாகப் பாராட்டிக் குறிப்பு எழுதினேன். மார்கழியில் புடவை எடுக்காத ஊர் மார்கழியில் வேலையிலும் சேராது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்காவது படிப்பு மூடிவிடுமே என்ற கவலை கண்ணை மறைத்தது என்று சொல்லலாம். எனக்குச் சொல்லிக்கொள்ள அதுவும் இல்லை.

மார்கழியில் வந்தவர்கள் மூன்று பேர். ஒருவருடைய நாற்காலிக்கு அடியிலும் பை இல்லை. அம்மா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

முதலாமவர் மதுரைக்காரர், அருமையாகப் பேசினார். எப்போது சேர்வீர்கள் என்றதும், தன் தாயாரிடம் கேட்க வேண்டும் என்றார். வெளியே போய் தொலைபேசியில் கேட்டார். தை பிறக்கட்டும் என்று பதில் வந்தது. அவர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தது பண்டைய நகரங்களில் பகுத்தறிவுத் திட்டமிடல் பற்றி.

இரண்டாமவர், தேர்வுக் குழுவுக்குத் தலைமையேற்று எங்களோடு உட்கார்ந்திருந்த கல்லூரித் தாளாளரின் மைத்துனருக்கு மாப்பிள்ளை. கட்டுமானப் பொறியாளர். தாளாளர் நல்ல மனிதர், ஆனால் மைத்துனர் உள்ள மனிதர். மாப்பிள்ளை தான் புதுப்பித்த கோயில் மண்டபத்தைக் கைப்பேசியில் காட்டினார். தரை, சுவர், தூண் பாதி உயரம் வரை வெள்ளை டைல்ஸ். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. குழாய் எங்கப்பா வச்சிருக்கீங்க?"

அது கேலி என்று தெரியாமல் அவர் குழாய் இருக்கும் இடத்தையும் காட்டினார்.

மூன்றாவதாக வந்த பெண்ணின் கையில் தலைக்கவசம் இருந்தது. திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து தன் வண்டியிலேயே வந்திருந்தார். கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு தலைமுறைக்கு முன் சொந்தமாக ஒரு வரப்புகூட இல்லாதவர்கள்; அப்பா அச்சகத்தில் வேலை பார்த்து இவரைப் படிக்க வைத்திருந்தார். எங்கள் துறைத் தலைவர் அம்மா பழக்க தோஷத்தில் புடவை எடுக்க வரவில்லையா என்று கேட்டார்.

"அதுக்கெல்லாம் வெளியூர்க்காரங்கதான் மேடம் வருவாங்க. நாங்க இங்கியே இருக்கிறோம்."

ஈரம் கல்லுக்குள் எப்படி ஏறுகிறது, அரச மரம் வேர்விட எந்த இடுக்கைத் தேடுகிறது, சுண்ணாம்பை எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினால் சுவர் எப்படி மூச்சுத் திணறுகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, அம்மா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். பரீட்சை எழுதுவது யார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தப் பெண்ணின் ஆய்வு முழுக்க ஒரு பழைய கோயிலின் வெளிச்சுவரைப் பற்றியது.

தாளாளர் தொண்டையைக் கனைத்தார். கேட்க வந்ததைக் கேட்கவும் கூச்சம், விடவும் மனமில்லை. "தப்பா எடுத்துக்காதம்மா. இது கோயில் சம்பந்தப்பட்ட படிப்பு. நீ உள்ள போவியா?"

அந்தப் பெண் தலைக்கவசத்தை மடியில் ஒருமுறை திருப்பி வைத்துக்கொண்டார்.

"போவேன் சார். இப்ப யாரும் தடுக்கிறதில்ல. எங்க தாத்தா காலத்துல வெளிய நின்னுதான் பாத்தாங்க. அதனால வெளிச்சுவரு எங்க வூட்ல எல்லாருக்கும் நல்லாத் தெரியும்."

குறிப்பெழுதும் நான் அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை. கண்ணியமாக மாற்றி எழுத அதில் எதுவும் இருக்கவில்லை.

எப்போது சேர முடியும் என்று அம்மா கேட்டார். நாளைக்கே என்றது பதில். மார்கழியாயிற்றே என்று தாளாளர் இழுத்தார். "எங்களுக்கு டிசம்பர் சார். வருஷத்துலயே நல்ல மாசம்."

பெண் வெளியே போனதும் தாளாளர் மேசைமேல் இல்லாத தூசியைத் தட்டினார். மாப்பிள்ளைப் பையனும் திறமைசாலிதான், சொந்தக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை, ஆய்வுக் குழுவுக்கு ஓர் ஆள் இருந்தால் போதும் அல்லவா என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். கத்தப் போகிறார், ராஜினாமா செய்யப் போகிறார், தெலுங்கு வரப் போகிறது என்று எதிர்பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டு மனிதர் போல நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார்.

"குடுக்கலாம் சார், நல்ல பையன். ஆனா ஆய்வுக்கு முன்னாடி சேரணும்னா மார்கழியிலதான் ஆர்டர் குடுக்கணும். உங்க வூட்டு மாப்பிள்ளைக்கு மார்கழியில ஆர்டர் குடுத்து, நாளைக்கு ஒரு கால் சுளுக்கினாலும் உங்க மச்சினரு யாரைக் கேப்பாரு?"

தாளாளரின் கை தூசி தட்டுவதை நிறுத்தியது. சுளுக்கில் தொடங்கி அவர் மனம் எங்கெங்கே போய் வந்ததோ தெரியாது. திரும்பி வந்தபோது வியர்த்திருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு டிசம்பர்தானே?" என்று கேட்டார்.

"டிசம்பரேதான் சார்."

அன்றே கையெழுத்திட்டார், ராகுகாலம் கழியும் வரை எங்களைக் காக்க வைத்துவிட்டு. டிசம்பருக்கு ராகுகாலம் உண்டா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் வேலை வேண்டும். மாப்பிள்ளை தையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தார். எங்கள் கல்லூரிக் கழிப்பறைகளை அவர் புதுப்பித்த விதத்தைப் போல ஒன்றை இந்த மாவட்டத்தில் பார்க்க முடியாது. அதை மனதாரச் சொல்கிறேன்.

ஆய்வுக் குழு வந்தது, படிப்பு பிழைத்தது. இன்று அதில் சேர வடநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தப் பெண்தான் இப்போது பொறுப்பாளர். முதல் பருவம் முழுக்க அவர் மாணவர்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை. வெளியே நில், பார், வரை. உள்ளே எப்போது போகலாம் என்று நான் சொல்கிறேன் என்பார். முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு சுவரை விட்டு வர மாட்டார்கள்.

அம்மா ஓய்வுபெற்ற வாரம் அந்த வகுப்பைப் பார்க்கத் தாளாளரை அழைத்துக்கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன். கோபுர வாசலுக்குத் திரும்பிய காரை அம்மா நிறுத்தி, மதிலை ஒட்டிப் பின்பக்கம் போகச் சொன்னார். குப்பை, ஆடு, காய வைத்த துணி, நடுவே பலகையை மடியில் வைத்து வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகள். தாளாளர் செருப்பைக் கழற்றப் போனார். இங்கே வேண்டாம் சார், முள் இருக்குது என்றார் அந்தப் பெண். தாளாளர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருப்பவர்.

"இந்தப் பக்கம் நான் வந்ததே இல்லம்மா."

"தெரியும் சார்" என்றார் அந்தப் பெண்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா தன் குடையை விரித்துத் தாளாளரின் கையில் கொடுத்தார்.

"வாங்க சார், இன்னும் மூணு பக்கம் இருக்குது."