டைகரை யாரும் தொடக் கூடாது

எங்கள் வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தவள் நான்தான். பெயர் வைத்த அன்று அது என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். யாரைக் கண்டாலும் வாலோடு சேர்த்துப் பாதி உடம்பையும் ஆட்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா நாலு விசைத்தறி போட்டிருந்தார். நூல் கட்டுகள் அடிக்கடி காணாமல் போனதால், புளியங்குடியில் ஓர் எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து காவலுக்கென்று குட்டியை வாங்கி வந்தார். வந்ததும் வராததுமாக அதைக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்துக்குள் போட்டு, நூல் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்.

“வேத்து முகம் பாக்காம வளந்தாத்தான் காவலுக்கு ஆகும். கண்டவன் கையும் பட்டா ஊருக்கே வாலாட்டும். நீ மட்டும் சோறு வைட்டி,” என்றார்.

காவல் நாய் வேண்டும் என்றவர்கள் எங்கள் பக்கம் அப்படித்தான் வளர்த்தார்கள். பழியை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனால் எனக்கும் சௌகரியம்தான். ஆனால் அவர் போட்ட சட்டத்தை அவரைவிடக் கறாராக நடத்தியவள் நான். தெருப் பிள்ளைகள் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறோம் என்று கெஞ்சுவார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்க்க மட்டும் விடுவேன், அதுவும் என்னோடு சண்டை போடாதவர்களை. தறிக்கு நூல் சுற்ற வரும் அக்காவிடம் ஒருநாள் டைகர் வாலாட்டிக்கொண்டு ஓடியது. அவள் போனதும் அதன் மூக்கிலேயே ஓங்கி அடித்தேன். பிறகு அது யாரிடமும் ஓடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊரில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. முந்தின நாளே திருவேங்கடத்திலிருந்து சித்தி குடும்பத்தோடு வந்துவிட்டாள். வீடு கொள்ளாத ஆட்கள், தெருவில் மேளம். டைகருக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. அப்பா வெளியே போன நேரம் பார்த்து, அது என் ஒருத்தி பேச்சைத்தான் கேட்கும் என்று காட்டுவதற்காகக் கயிற்றைக் கட்டி முற்றத்துக்கு இழுத்து வந்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

டைகர் சுவரோடு ஒட்டிக்கொண்டது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டது. “உங்க டைகர் மோண்டுட்டுட்டீ!” என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. கயிற்றைச் சுண்டி இழுத்தேன். அந்த நேரம் சித்தி மகன், ஐந்து வயதுப் பொடியன், கையை நீட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் போனான். நான் பார்த்துக்கொண்டே இருக்கையில் டைகர் அந்தக் கையைக் கவ்விவிட்டது.

பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். அலறல் கேட்டுச் சித்தி ஓடி வந்தாள், பின்னாலேயே அப்பாவும் வந்து சேர்ந்தார். தரையெல்லாம் ரத்தம். அதற்கு முந்தின வருடம் எங்கள் தெருவில் ஆளைக் கடித்த நாயைக் கம்பால் அடித்தே கொன்றதை நான் பார்த்திருந்தேன். “என்னட்டி ஆச்சு?” என்று அப்பா கேட்டபோது எனக்கு அதுதான் கண்முன் நின்றது.

“இவன் வாலப் பிடிச்சு இழுத்தாம்ப்பா,” என்றேன்.

ரத்தம் வழிகிற பிள்ளையின் முதுகில் சித்தி ஓங்கி ஒன்று வைத்தாள். “சும்மா கெடக்க நாயச் சீண்டுவியால?” என்றாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் டைகரை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். பதினாலு நாளும் அவன் ஆஸ்பத்திரிக்கு அழுதுகொண்டே போனான். டைகர் பிழைத்துக்கொண்டது. வாலை இழுத்தவனைக் கடிக்காமல் கொஞ்சுமா என்று அப்பாவே அதற்கு வக்காலத்து வாங்கினார். நூல் திருட்டும் நின்றுபோனது. அதற்கப்புறம் அதன் உலகம் அந்த அறையும் நானும்தான். நான் பாளையங்கோட்டைக்குப் படிக்கப் போன வருடம், யார் வைத்த சோற்றையும் தொடாமல் கிடந்து செத்தது. அப்பா அதை விசுவாசம் என்றார். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருடம் சித்தி மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு நாய்க்குட்டி வாங்கியிருந்தான். தெருப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு, “ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கோங்க மக்கா,” என்று கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் மகள் அவன் கைத் தழும்பைக் காட்டி ஏதோ கேட்டாள்.

“நாந்தான் நாய் வாலப் பிடிச்சு இழுத்திருக்கேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ,” என்று சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். “ஆனா எனக்கு ஒண்ணுதாங்க்கா ஞாபகம் இருக்கு. அது கெடந்து நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. குளிருது போலன்னு தடவிக் குடுக்கப் போனேன். அப்பத் தெரியாம வால்ல கை பட்டிருக்கும்.”

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த நடுக்கம் கயிறு வழியாக என் கைக்கும் வந்தது. டைகர் கோபத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்றுதான் அன்று நினைத்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவன் கை வாலில் படவே இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். காப்பி ஆறிப்போகும், குடிங்கக்கா என்றான். குடித்தேன்.