சொல்லாமல் வந்தவரின் அளவு

மாமா ஷூவைக் காலில் மாட்டுவதற்கு முன் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு உள்ளே கையை விட்டு, நுனிவரை விரல்களால் மெதுவாகத் தடவுவார். வேறு யாருடைய காலாவது ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இருக்கும். நாங்கள் மாடியில், மாமாவும் அத்தையும் கீழே. பல வருடங்களாக, அந்த இரண்டு தட்டுச் சத்தம் கேட்டால் மணி ஒன்பதாகிவிட்டது என்று அர்த்தம்.

மாமா என் அம்மாவின் தம்பி. இருபத்தாறு வருடம் ஒரே செருப்புக்கடையில் வேலை பார்த்தார். வருகிறவரை ஸ்டூலில் உட்காரவைத்து, முன்னால் மண்டியிட்டு, அளவுப் பலகையில் அவர் பாதத்தை வைத்து நம்பர் சொல்வது அவர் வேலை. யார் முகமும் அவருக்கு நினைவில் நிற்காது. "அதான், ஆறாம் நம்பர், உள்பக்கம் தேய்ச்சு நடப்பாரே" என்பார். யாரென்று எங்களுக்குப் புரியாது.

அந்தத் தட்டுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள், கடையின் தரையெல்லாம் சிவப்பாகத் திட்டுத் திட்டாகப் பதிந்திருந்ததாம். யாரோ வாடிக்கையாளருக்குக் காலில் அடிபட்டிருக்கிறது என்று மாமா பதறிப்போய், ஈரத்துணியோடு ஒவ்வொரு திட்டாகத் துடைத்துக்கொண்டே போயிருக்கிறார். துடைத்த இடத்தில் திரும்பத் திரும்பத் திட்டு விழுந்தது. "நான் எங்க போனாலும் அந்த ஆளும் கூடவே வர்றான்!" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். முதலாளி குனிந்து பார்த்தார். மாமாவின் இடது ஷூவுக்குள் ஒரு ஆணி. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள். மாமாவே சொல்வார்: "இடது காலுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான்."

அவருக்குச் சர்க்கரை வந்து அப்போதே பத்து வருடம் ஆகியிருந்தது. நோய்களுக்கெல்லாம் உறவுமுறை வைத்திருந்தார். சர்க்கரை, வீட்டு மாப்பிள்ளை. நேரத்துக்குச் சாப்பாடு வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார். ரத்தக் கொதிப்பு, மாப்பிள்ளையின் அண்ணன். "ஒருத்தருக்குத்தான் பத்திரிகை வெச்சோம். குடும்பத்தோட வந்து உக்காந்துட்டாங்க" என்பார். அத்தைக்குச் சிரிப்பு வராது. "அடுத்து யாரு வரணும்னு வாசல்ல நின்னு கூப்பிடுங்க" என்பாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தது வரலாறு. ஆனால் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாமாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் வரும். மாமா எனக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்திருந்தார்.

"டிகிரி, சுகர் எவ்வளவு சொல்லும்மா."

நான் முதல் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடிச் சொல்வேன். மாமா முகம் வாடும், அல்லது மலரும். அறிக்கை பீரோவுக்குள் போய்விடும். நான் கல்லூரியில் படித்த வருடங்களெல்லாம் இதுதான் நடந்தது.

நான் படிப்பை முடித்த வருடம், எண் இறங்க ஆரம்பித்தது. முன்பு இருந்ததில் பாதிக்கு வந்தது. மாமா சாப்பாட்டைக்கூட மாற்றவில்லை. சர்க்கரைக்குத் தினமும் போட்டுக்கொண்ட ஊசி மருந்தைத் தானாகவே கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். அப்படியும் இறங்கியது. அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து தம்பியின் தலையில் கைவைத்து நெட்டி முறித்தாள்.

"மாப்பிள்ளை மூட்டையக் கட்டிட்டாருக்கா" என்றார் மாமா.

"டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிட்டு வந்துடலாமே" என்றாள் அத்தை.

"நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு எதுக்குடி டாக்டரு? என்ன டிகிரி?"

என் கையில் அறிக்கை இருந்தது. நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சிறிய அம்பு. அந்த எண்ணுக்கு எதிரே இருந்த ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நல்லா இருக்கு மாமா" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர்களுக்குச் சந்தோஷம் தருவதற்காக என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. படித்த பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்று இருப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்றாவது மாதம். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. மாமா என் பக்கம் முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தார். எதிரே ஸ்டூல். அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் அழுத்தி வைங்க. பாரம் பூரா விடுங்க. ஆங்."

ஸ்டூலில் யாரும் இல்லை.

மாமாவின் இடது கை ஒரு குதிகாலைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தது. வலது கைக் கட்டைவிரல், பலகைக்கு மேல், காற்றில் எதையோ அழுத்தி, எடுத்து, அழுத்தியது. செருப்புக்கடைகளில் தரையோடு சாய்த்து வைத்த குட்டைக் கண்ணாடி இருக்குமே, பாதங்கள் மட்டும் தெரிகிற மாதிரி, அதைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. கண்ணாடியில் ஸ்டூலின் கால்களும் மாமாவின் முழங்கால்களும் மட்டும் இருந்தன.

கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "வாம்மா. அரைமணி நேரமா உங்க மாமாவுக்கு ஒரே வியாபாரம். பில்தான் போட முடியல!" கிண்டல் என்று நினைத்துத்தான் அவரும் விட்டிருக்கிறார்.

"மாமா" என்றேன்.

திரும்பினார். சட்டை முழுக்க வியர்வை. என்னை அடையாளம் தெரியாத கண்கள். முகத்தை விட்டுவிட்டு என் கால்களைப் பார்த்தார். "அஞ்சாம் நம்பர். உக்காருங்க, இவரை முடிச்சுட்டு வர்றேன்" என்றார். பிறகு அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

முதலாளி தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து எடுத்துவந்தார். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் தடவினோம். மாமா விழுங்க ஆரம்பித்ததும் ஆட்டோவில் ஏற்றினோம்.

மருத்துவர் பழைய அறிக்கைகளைக் கேட்டார். அத்தை பீரோவில் இருந்தவற்றை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"சுகர் குறைஞ்சா நல்லதுதானே டாக்டர்?" என்றாள்.

"காரணத்தோட குறைஞ்சா நல்லதும்மா. போட்ட ஊசி மருந்தை உடம்பிலிருந்து வெளியேத்துற வேலைல கிட்னிக்கும் பங்கு இருக்கு. அது வேலை செய்யலைன்னா மருந்து உள்ளயே தங்கிடும். சுகர் இறங்கிட்டே போகும். நீங்க சந்தோஷப்பட்டிருக்கீங்க." கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இங்க அம்புக்குறி போட்டிருக்கு. யாரும் பாக்கலையா?"

கட்டிலில் கிடந்த மாமா கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "பிள்ள படிக்கத்தான் வந்துச்சு. நான்தான் முதல் பக்கம் போதும்னு புடுங்கி வெச்சுட்டேன்."

அது பொய். அத்தை அதை நம்பி அவரைத் திட்டினாள்.

முன்பே வந்திருந்தால், கிட்னி முழுதாகக் கெடுவதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

பதினான்கு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், ரத்தத்தைச் சுத்தம் செய்ய மருத்துவமனைக்குப் போனோம். பெரும்பாலும் நான்தான் கூடப் போவேன். நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடும். ஒருநாள் தைரியம் வந்து கேட்டேன்.

"மாமா, அன்னிக்குக் கடைல யாருக்கு அளவு எடுத்தீங்க?"

சர்க்கரை இறங்கினால் மூளை ஏமாற்றும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதையே மாமாவும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"முகத்தைப் பாக்கல" என்றார். "நான் என்னைக்கு முகத்தைப் பாத்தேன்? நல்ல கால். எட்டு. ஆனா இடது வீங்கியிருந்துச்சு. விரல வெச்சு அழுத்தினா குழி விழுது, மேல வரமாட்டேங்குது. அரை நம்பர் பெருசா எடுத்து வைக்கிறேன்னு வாக்குக் குடுத்துட்டேன், டிகிரி."

"யாரு மாமா அவரு?"

"இந்த வாட்டி சொல்லாம வந்தவரு" என்று சிரித்தார். "மாப்பிள்ளை வீட்டு ஆளுதான்."

போர்வைக்கு வெளியே அவர் இடது கால் நீட்டிக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் எட்டாம் நம்பர் போட்ட கால். கணுக்காலுக்குமேல் என் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மேலே வரவில்லை. மாமாவுக்கு நான் தொட்டது தெரியவில்லை. "அவரு வந்தாரான்னு கடைல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாயேன்" என்றார்.

நான் கேட்கவில்லை. அடுத்த மாதம், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோதே அவர் இதயம் நின்றுவிட்டது.

காரியங்கள் முடிந்து மூன்று வாரம் கழித்து, கடையில் இருந்த அவருடைய டிபன் பாக்ஸையும் பழைய மூக்குக்கண்ணாடியையும் வாங்கப் போனேன். முதலாளி உள் அலமாரியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியையும் எடுத்துவந்தார். மேலே மாமாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'இடது எட்டரை. வலது எட்டு. வருவார். தரணும்.'

"அவரு மயங்கி விழுந்த அன்னிக்குக் காலைலயே எடுத்து வெச்சுட்டாரு" என்றார் முதலாளி. "ரெண்டு ஜோடியப் பிரிச்சு ஒண்ணாக்கியிருக்காரு. மீதிய விக்கவும் முடியல. யாருதும்மா இது?"

காலையிலேயே என்றால், அன்று சர்க்கரை இறங்கி மூளை ஏமாற்றுவதற்கு முன்பே. அப்போதே தன் காலை அழுத்திப் பார்த்திருக்கிறாரா? பார்த்திருந்தால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? அறிக்கையில் இருந்த அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்ததா?

"தெரியல" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இடது ஷூவை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே கையை விட்டு நுனிவரை தடவினேன். ஒன்றும் இல்லை. மறுபடி பெட்டியில் வைத்து மூடினேன்.

"எடுத்துட்டுப் போறியாம்மா?"

"இல்ல, இங்கயே இருக்கட்டும். வாக்குக் குடுத்துட்டாரு."

பெட்டி இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. சீட்டையும் யாரும் கிழிக்கவில்லை.