மௌன நேர்ச்சையும் தாய்க்கரடியும்

பாப்பிரெட்டிப்பட்டியை அடுத்து, சித்தேரி மலையின் அடிவாரத்தில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில், மாவு உலர்த்தும் களத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்பவர் லூர்து மேரி. களத்தில் அவர் குரல்தான் ஓங்கிக் கேட்கும். வானம் கறுத்ததும் “மாவ வாருங்கடீ” என்று அவர் போட்ட சத்தத்துக்கு ரோட்டில் போன டவுன் பஸ்ஸே நின்றுவிட்டது என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு தவக்காலத்தில் வாய் திறக்காமல் மலையேறுவதாக நேர்ந்துகொண்டார். மகள் ஜெயராணிக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது கரு ஏழாம் மாதத்தைத் தொட்டிருந்தது.

அவர்கள் ஊருக்கு மேலே, பாறை முகட்டில், முன்னோர் நட்ட மரச்சிலுவை ஒன்று உண்டு. நேர்ந்துகொண்டவர் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து சிலுவை வரை ஒரு சொல்லும் பேசாமல் ஏற வேண்டும். வாய் தவறினால் அந்த ஆண்டு நேர்ச்சை சேராது என்பது ஊர் வழக்கம். துணைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. லூர்து மேரிக்குத் துணையாகக் கணவர் சவரிமுத்துவும், பாப்பிரெட்டிப்பட்டியில் டூவீலர் மெக்கானிக்காக இருக்கும் மருமகன் மரிய ஆனந்தும் வந்தார்கள்.

ஐந்தாம் வெள்ளியன்று அடிவாரத்தில் வனக் காவலர் மாதேஷ் அவர்களை நிறுத்தினார்.

“இலுப்பப் பூ கொட்டுதுங்க. அதத் தின்ன, குட்டி போட்ட கரடி ஒண்ணு இந்தப் பக்கமே சுத்துது. பேசிக்கிட்டே போங்க. அதுக்குக் கண்ணும் மந்தம், காதும் மந்தம். கிட்ட வந்தப்புறம் திடீர்னு பாத்தாத்தான் பாயும்.”

“வூட்டுக்காரிக்கு மௌன நேர்ச்சைங்க” என்றார் சவரிமுத்து.

“சாமிக்குப் பேசாமலே கேக்கும், கரடிக்குக் கேக்காதுங்களே.”

“நாங்க செபமால சொல்லிக்கிட்டே பின்னால வரோம். அவ பேசாட்டி என்ன?”

“செரி, ஒண்ணாவே போங்க, பிரியாதீங்க. எதுக்க வந்துட்டா ஓட வேணாம், அது நம்மள விட வேகம். முதுகு காட்டாம, மெதுவாப் பேசிக்கிட்டே பின்னால நகருங்க. மேல விழுந்துட்டா குப்புறப் படுத்துப் பொடனிய ரெண்டு கையால மூடிக்கோங்க. அது மூஞ்சியத்தான் கிழிக்கும்.”

“மாமா, உங்க மூஞ்சியப் பாத்தா அதுவே ஓடிரும்” என்றார் மரிய ஆனந்த். சவரிமுத்து சிரிக்கவில்லை. லூர்து மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னே நடந்தார்.

பாதி வழி வரை பின்னால் “அருள் நிறைந்த மரியே” ஒலித்துக்கொண்டே வந்தது. பிறகு சவரிமுத்துவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு பாறையில் அவரை உட்காரவைத்து மரிய ஆனந்த் கால் நீவிவிட்டார். முன்னே போனவருக்கு இது தெரியாது. செபக் குரல் நின்றதைக் கேட்டும், இளைப்பாறுகிறார்கள் என்று எண்ணி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். என்ன ஆயிற்று என்று குரல் கொடுத்துக் கேட்கவும் அவரால் முடியாது.

பாதை மடங்கித் திரும்பும் மேட்டில் அவர் நின்றார். கீழே, பாதையின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவில், கரடி கறையான் புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் முதுகு மயிரைப் பற்றியபடி குட்டி. தலை புற்றுக்குள் இருந்ததால் அது அவரைக் கவனிக்கவில்லை. ஓசைப்படாமல் பின்வாங்கினால் அவர் தப்பிவிடலாம். ஒரு காலைப் பின்னே வைத்தும் விட்டார்.

அப்போதுதான் மரிய ஆனந்தைக் கண்டார். மாமியாரைத் தனியே விட்டுவிட்டோம் என்ற பதற்றத்தில், வளைந்து செல்லும் பாதையை விட்டு, நேரே புற்றை நோக்கி ஏறும் குறுக்கு வழியில், தலை குனிந்து கல்லைப் பார்த்துக் கால் வைத்து அவர் விரைந்து வந்துகொண்டிருந்தார். லூர்து மேரி கையை ஆட்டினார், மருமகன் நிமிரவில்லை. கைகளைத் தட்டினார். கரடிதான் தலை தூக்கியது.

வயிற்றுப் பிள்ளையா, அதன் தகப்பனா என்று அந்தக் கணத்தில் தாம் நினைத்ததாக லூர்து மேரி பின்னாளில் சொன்னார். நினைக்கக்கூட நேரமிருந்திருக்காது என்பது மரிய ஆனந்தின் கருத்து.

“மாப்ள, நில்லுங்க. முன்னால கரடி.”

மரிய ஆனந்த் நிமிர்ந்தார். உடல் தானாகவே கீழ்நோக்கித் திரும்பியது.

“ஓடாதீங்க. திரும்பாதீங்க. அதக் கண்ணுக்குக் கண்ணு பாக்காதீங்க. அப்படியே ஒவ்வொரு அடியாப் பின்னால வைங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன்.”

கரடி பின்னங்கால்களில் எழுந்து மூக்கை நீட்டிக் காற்றை முகர்ந்தது. மேலே ஒரு குரல், கீழே ஓர் ஆள். அது உறுமிக்கொண்டு மரிய ஆனந்தை நோக்கி நாலைந்து தாவல் பாய்ந்தது. கைக்கெட்டும் தூரம் வந்தது என்பார் அவர். அவ்வளவு அருகில் இல்லை என்பார் லூர்து மேரி. மரிய ஆனந்த் ஓடவில்லை என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

“போம்மா, உம் புள்ளய நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். அந்தப் பக்கம் வழி கெடக்குது, போ.” களத்தில் கத்தும் அதே தொண்டையிலிருந்து, தொட்டிலருகில் பேசுவது போன்ற குரல் வந்தது. கரடி நின்றது. பின் பக்கவாட்டில் திரும்பி, குட்டியோடு உண்ணிச்செடிப் புதருக்குள் இறங்கி மறைந்தது.

மரிய ஆனந்த் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “அத்த, இவ்ளோ மெதுவாப் பேச உங்களுக்குத் தெரியுமா?” என்று சிரிக்க முயன்றார்.

நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த சவரிமுத்து, மனைவியின் குரலைத்தான் கீழிருந்து கேட்டிருந்தார். அவர் முதலில் கேட்டது, “பேசிட்டியா?” என்பதே. என்ன நடந்தது என்று தெரிந்த பிறகு அதற்காகப் பலமுறை வருந்தினார். கேட்டது கேட்டதுதான்.

அன்று அவர்கள் சிலுவை வரை போகவில்லை. பங்குச் சாமியாரிடம் சொன்னால் நேர்ச்சையை வேறொன்றாக மாற்றித் தருவார் என்று சவரிமுத்து சொல்லிப் பார்த்தார். லூர்து மேரி போகவில்லை. சாமியார் எளிதாக மன்னித்துவிடுவார், அந்த மன்னிப்புக்குப் பிறகும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதே அவருடைய அச்சம். மகளிடம் சொல்லக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மரிய ஆனந்துக்கு மனைவியிடம் எதையும் மறைக்க வராது. பெரிய வெள்ளிக்கு முன்பே ஜெயராணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“எனக்கோசரம் வாயக் கட்டிக்கிட்டுக் கரடிகிட்டப் போனியா? எவ கேட்டா உன்ன?”

“கத்தாத கண்ணு. வயித்துல இருக்கறது அதிரும்.”

“அதிரட்டும். நீ பேசலைன்னா இதுக்கு அப்பன் இருந்திருப்பானா? அதச் சொல்லு மொதல்ல.”

“இருந்திருக்க மாட்டாரு.”

“அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியற?”

லூர்து மேரி மகளுக்கு மோர் கலக்கப் போய்விட்டார்.

வைகாசியில், தருமபுரி மருத்துவமனையில், ஜெயராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை சற்றுக் குறைவு; மற்றபடி குறையில்லை என்றார்கள். ஆலைக் களமே திரண்டு வந்து பார்த்தது. மரிய ஆனந்த் உயிரோடு இருந்து மகளைப் பார்ப்பதற்கு அவர்தான் காரணம் என்று எல்லோரும் லூர்து மேரியிடம் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

இன்றும் குழந்தைக்கு நெற்றி சற்றுச் சூடாகிவிட்டால், மற்றவர்கள் மருந்து பாட்டிலைத் தேடுவார்கள். லூர்து மேரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்வாசலில் நின்று, மலைமேல் சிலுவை இருக்கும் திசையைப் பார்ப்பார். காய்ச்சல் இறங்கும் வரையில் யாரிடமும் பேச மாட்டார்.