எண்ணெயக்காவும் நெட்டைச் சைக்கிளும்

எங்கள் எதிர் வீட்டு அம்மாவுக்கு எண்ணெயக்கா என்று பெயர் வைத்தவர்கள், அவர் வேலை பார்க்கும் தையல் ஆலையின் பெண்கள். வரிசை வரிசையாகத் தையல் இயந்திரங்கள் ஓடும் கூடத்தில் அவற்றைப் பழுது பார்ப்பதுதான் அவருடைய வேலை. நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி ஒன்று மேலங்கிப் பையில் எந்நேரமும் துருத்திக்கொண்டிருக்கும். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் எந்த இயந்திரம் முனகுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே கை நீட்டிக் காட்டிவிடுவார். தன்னடக்கம் மருந்துக்கும் கிடையாது. "நான் கை வச்ச மெஷின் மறுபடி கோளாறாகி வந்ததா சரித்திரம் உண்டா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லும்வரை விடமாட்டார்.

கணவர் போன பிறகு மகனை ஒற்றை ஆளாக வளர்த்தவர். மகன் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் அம்மாவின் துணிச்சலில் கால்வாசிகூட அவனுக்கு வரவில்லை. விளக்கு மாட்ட ஏணியில் ஏறுவதென்றால் கீழே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்படிப்பட்டவன் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணோ, ஆள் உயரத்துக்கும் மேலே உட்கார்ந்து ஒற்றைச் சக்கரச் சைக்கிள் ஓட்டிச் சம்பாதிக்கிறவள். கடைத் திறப்பு, பள்ளிக்கூட விளையாட்டு நாள், கண்காட்சி என்று எங்கே கூட்டம் கூடினாலும் அவளைக் கூப்பிடுவார்கள்.

அவள் குடிவந்த அன்று சைக்கிளும் கூடவே வந்தது. லிஃப்டுக்குள் அது நிமிரவில்லை. படுக்க வைத்தும் சாய்த்தும் திருப்பியும் மாடிப்படி வழியாக ஏற்றினோம். நானும் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். எண்ணெயக்கா கதவைத் திறந்து அதை மேலும் கீழும் பார்த்தார்.

"மீதிச் சக்கரம் பின்னாடி வருதா?"

"இவ்வளவுதான் அத்தை," என்று மருமகள் சிரித்தாள். "நாங்க இதை நெட்டைன்னு கூப்பிடுவோம்."

"சரி. நெட்டையை எங்க படுக்க வைக்கிறது? என் கட்டில்லயா?"

கடைசியில் அது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைபாதையில் சுவரோரம் இடம்பிடித்தது. சில நாட்கள் மாமியாரும் மருமகளும் மரியாதையாக ஒதுங்கியே நடந்தார்கள். அந்த ஒதுக்கத்தை உடைத்தது ஒரு சத்தம்தான். கீழே வண்டிகள் நிற்கும் முற்றத்தில் மருமகள் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா, பாதி பிழிந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

"இறங்கும்மா கீழ. இந்த அழுகையை இன்னும் கொஞ்சம் கேட்டா எனக்குக் காய்ச்சலே வந்துடும்."

"எந்த அழுகை அத்தை?"

"உன் செயின் அழுவுதே, கேக்கலையா? எண்ணெய் காட்டி எவ்வளவு நாளாச்சு?"

"மழைல ஒரு நாள் ஓட்டினேன். அப்புறம்... மறந்துட்டேன்."

"சாப்பாடு போடுறவனையே பட்டினி போட்டிருக்கே!"

அன்று மண்ணெண்ணெய்க் கிண்ணமும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷுமாக அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செயினைக் கழற்றி ஊறவைத்து, கண்ணி கண்ணியாகத் தேய்த்து, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்தார். மேலே எண்ணெய் நின்றால் தூசி வந்து ஒட்டும், உள்ளே போனதுதான் கணக்கு என்றார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து பெடல்களைத் துடைத்தாள். அதன் பிறகு வாரா வாரம் இருவரும் முற்றத்தில் உட்காருவது வழக்கமாயிற்று. ஊர்ப்பட்ட கதையெல்லாம் அங்கேதான் பேசுவார்கள்.

நெட்டையின் அமைப்பு எளிமையானது. உச்சியில் சீட், அதற்குச் சற்றுக் கீழே பெடல், அங்கே ஒரு பல்சக்கரம். தரையில் உருளும் சக்கரத்தின் அச்சில் இன்னொரு பல்சக்கரம். இரண்டையும் இணைப்பது நீளமான ஒரே செயின். பிரேக் கிடையாது. முன்னால் மிதித்தால் முன்னால் போகும், பின்னால் மிதித்தால் பின்னால் வரும். ஒரே இடத்தில் நிற்க வேண்டுமென்றால் அரைச் சுற்று முன்னும் அரைச் சுற்று பின்னுமாகக் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். செயின் போனால் கால் காற்றில் சுழலும். அப்புறம் கீழே வருவது ஒன்றுதான் வழி.

அந்த வழியில்தான் மருமகள் வந்தாள். ஒரு துணிக்கடைத் திறப்பில், வாசலில் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டு மக்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தபோது செயின் அறுந்து தொங்கியது. பழகிய உடம்பு என்பதால் காலூன்றிக் குதித்துவிட்டாள். ஆனால் தடுமாறிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்க, மகன் ஆத்திரத்தில் குதித்தான்.

"போதும். இத்தோட விட்டுடு. அம்மா, நீங்களாவது சொல்லுங்க!"

நான் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து வாசலில் மாட்டிக்கொண்டேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் மனமில்லை.

"சொல்றேன்," என்றார் அக்கா. "தப்பு பண்ணினது வண்டி. அவளை எதுக்குடா இறங்கச் சொல்றே?"

"வண்டி தப்பு பண்ணினா அடிபடுறது இவதானேம்மா?"

"அதனாலதான் வண்டியைச் சரி பண்ணணும். என்கிட்ட விட்டுடு. நான் பார்த்துக்கறேன்."

செயினை எடுத்துப் பார்த்தார். இரு முனைகளையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்டின் மெல்லிய தகடு காணாமல் போயிருந்தது. ஒரே பக்கமாக இழுபடும் சாதாரணச் சைக்கிளுக்குத்தான் அந்தத் தகடு தாங்கும், இங்கே முன்னும் பின்னுமாக இழுபடுவதால் கழன்றுவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். பூட்டே இல்லாமல், முனைகளை ஆணி அடித்து இணைத்த புதுச் செயின் போட்டார். அச்சின் நட்டுகளைத் தன் முழு பலத்தையும் கொடுத்து முறுக்கினார். "இனி யானையே ஏறலாம்" என்று கைகளைத் தட்டிக்கொண்டார்.

மணிக்கட்டு ஆறியதும் மருமகள் முற்றத்தில் ஏறினாள். நன்றாகத்தான் ஓடியது. அடுத்தடுத்த நாட்களிலும் ஓடியது. பிறகு ஒரு மாலை, தூணருகே நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது செயின் பல்லை விட்டு வழுக்கிக் கீழே விழுந்தது. அவள் தூணைக் கட்டிப்பிடித்து வழுக்கிக்கொண்டே இறங்கினாள். அடி எதுவும் இல்லை. ஆனால் மகன் பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். கீழே நின்ற அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். அக்காவுக்கு அது அறைந்ததைப்போல இருந்திருக்க வேண்டும். அவர் கை வைத்த பொருள் திரும்பக் கெட்டுப்போயிருக்கிறதே! அன்று எதிர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர் நடைபாதையில் நெட்டையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். செயினை மாட்டி இறுக்கி விரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்சமே கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான் அசைய வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். கோணல் இல்லை. என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார்.

"எதிர்வீடு, ஒண்ணு கேளு. துணி குடுக்காம ஓட்டினா எல்லாத் தையல் மெஷினும் அழகாத்தான் ஓடும். துணியை வச்சாத்தான் வண்டவாளம் தெரியும். இதுவும் அதே கேஸ்தான். ஆள் இல்லாதப்ப செயின் இறுக்கமா இருக்கு. ஆள் ஏறினப்புறம் இறுக்கமா இருக்கான்னு யாரு பார்த்தா?"

"அப்ப அவளை ஏறச் சொல்லிப் பாருங்க அக்கா."

"அவ எடை என்ன, என் எடை என்ன? அவ ஏறினா மெதுவா வர்ற கோளாறு, நான் ஏறினா ஓடி வரும்."

அவர் விளையாட்டாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. கைகளை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். நெட்டையை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஏணி வந்தது. மகனும் வந்தான், முகம் வெளுத்து.

"அம்மா, இந்த வயசுல இது உங்களுக்குத் தேவையா?"

"ஏணியைப் பிடிடா. உனக்கு நல்லா வர்ற வேலை அதுதானே?"

மருமகளிடமிருந்து சிவப்பு நகப்பூச்சை வாங்கி, சக்கரத்து அச்சின் முனையிலிருந்து அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் மேலும் படும்படி குறுக்கே ஒரு மெல்லிய கோடு இழுத்திருந்தார். அச்சு இடம் மாறினால் கோடு உடையும். "இதையே பாரு, கண்ணை எடுக்காதே" என்று அவளைக் கீழே உட்கார வைத்துவிட்டு, ஏணி வழியாக ஏறி சீட்டில் அமர்ந்தார். இரு கைகளும் இரு சுவரில். நான் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, கீழ பார்க்காதீங்க. நேராப் பாருங்க. முதுகை நிமித்துங்க. இப்ப பாதி மிதிச்சு, அப்படியே பின்னாடி வாங்க."

அக்கா மிதித்தார். அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. முதலில் கால் நடுங்கியது. பிறகு தையல் இயந்திர மிதியை மிதித்துப் பழகிய கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. முன்னே, பின்னே. திரும்பத் திரும்ப.

"காலுக்குள்ள டொக்குனு ஒண்ணு தட்டுது," என்றார் மேலிருந்து. "பின்னாடி வரும்போதெல்லாம் தட்டுது. கோடு என்ன சொல்லுது?"

"இருங்க... அத்தை! கோடு உடைஞ்சிடுச்சு!"

"எந்தப் பக்கம் நகருது?"

"மேல! அச்சு மேல ஏறுது அத்தை!"

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சந்து முழுக்க அந்தச் சிரிப்பு எதிரொலித்தது. "மாட்டிக்கிட்டியா!" என்று சைக்கிளைப் பார்த்துச் சொன்னார். உடனே இறங்கவும் இல்லை. "எதிர்வீடு, உன் ஜன்னல் மேல எவ்வளவு தூசி, இங்கிருந்து பார்த்தாத்தான் தெரியுது" என்று என் மானத்தை வாங்கிவிட்டுத்தான் ஏணிக்குக் கால் வைத்தார்.

கோளாறு இதுதான். அச்சு உட்கார்ந்திருக்கும் பள்ளம் மேலும் கீழுமாக நீண்டது. செயினை இறுக்குவதற்காக அச்சைக் கீழே தள்ளி நட்டைப் பூட்டுவார்கள். ஆனால் ஓட்டுபவரின் எடை முழுவதும் சட்டத்தைக் கீழே அமுக்குகிறது. நட்டின் பிடி கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, அச்சு பள்ளத்துக்குள் மேலே ஏற, செயின் தளர்ந்துவிடுகிறது. முதல் முறை பூட்டுத் தகடு தெறித்ததும் அந்தத் தளர்ச்சியால்தான். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நாள்தான் தள்ளிப்போகும்.

என்ன வேலை என்று தெரிந்த பிறகு அக்காவுக்குக் கை நிற்கவில்லை. அன்றே ஒரு லேத் பட்டறைக்குப் போய், பள்ளத்தின் மேல்முனையை மூடியபடி இரண்டு பக்கமும் கனமான இரும்புத் துண்டு வைத்துப் பற்றவைக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் துளையிட்டு மரை வெட்டி, மேலிருந்து ஒரு போல்ட்டை இறக்கினார். போல்ட்டின் நுனி அச்சின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. இடம் வலம் இரண்டையும் ஒரே அளவு திருகி, சக்கரம் சாயாமல் நிற்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, மேலே இன்னொரு நட்டால் பூட்டினார். தேய்ந்து கொக்கிபோல் வளைந்திருந்த கீழ்ப் பல்சக்கரத்தையும் மாற்றிவிட்டார்.

"இனி அச்சு மேல போகணும்னு ஆசைப்பட்டாலும் போறதுக்கு இடம் கிடையாது," என்றார்.

மறுபடி சந்து, ஏணி, சிவப்புக் கோடு. இந்த முறை அக்கா மிதித்தார், மிதித்தார், கால் சோரும்வரை மிதித்தார். கோடு அப்படியே இருந்தது. மகன் தானே குனிந்து பார்த்தான். விரலால் தடவியும் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்து, "சரி, நீ ஏறு" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் எங்கள் மூன்று பேருக்குமே ஆச்சரியம்.

அடுத்து வந்தது பெரிய கண்காட்சி. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். மருமகள் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மிதந்து வந்து, நடுத்திடலில் ஒரே இடத்தில் ஆடியபடி மூன்று பந்துகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். மகன் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்த்தால் அக்காவும் கண்ணை மூடியிருந்தார்.

"என்னக்கா, நீங்களுமா பயப்படறீங்க?"

"பயமா? கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றார். "பால் குடிச்ச குழந்தை மாதிரி தூங்குது செயின். டேய், கண்ணைத் திறந்து உன் பொண்டாட்டியைப் பாரு. ஊரே பார்க்குது."

அவன் கண்ணைத் திறந்தான். பிறகு மூடவே இல்லை.

அந்தத் திடலிலேயே உயரச் சைக்கிள் ஓட்டும் இன்னொருவர், நெட்டையின் போல்ட்டுகளைக் குனிந்து பார்த்துவிட்டு யார் செய்தது என்று விசாரித்தார். இப்போது எங்கள் முற்றத்தில் விடுமுறை நாட்களில் நெட்டைகளும் குட்டைகளுமாகச் சாய்ந்து நிற்கின்றன. ஆலை வேலை முடிந்து வந்ததும் அக்கா அங்கே உட்கார்ந்துவிடுவார். எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட மாட்டார். போன வாரம் ஒருவரின் சட்டத்தில் மயிரிழை விரிசலைப் பார்த்தார். ஒட்டித் தரச் சொல்லி அவர் கெஞ்சியும், "இதுல ஏறாதீங்க தம்பி, புதுசு பண்ணிக்கலாம்" என்று சக்கரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அவரும் முணுமுணுத்துக்கொண்டே புதுச் சட்டத்துக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்று மாமியாரும் மருமகளும் தரையில் சாக்பீஸால் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்கள். மகன் மருந்துக் கடையிலிருந்து அப்போதுதான் வந்தான்.

"என்ன இது?"

"புது வண்டி," என்றாள் மருமகள். "அத்தை பண்ணித் தர்றாங்க. இதைவிடக் கொஞ்சம் உயரம்."

"கொஞ்சம்னா?"

அக்கா தலை நிமிராமல் சாக்பீஸை ஓட்டியபடியே போனார். கோடு முற்றத்தைத் தாண்டி, தூணைத் தாண்டி நீண்டுகொண்டிருந்தது.

"ஏணியைக் கொஞ்சம் பெரிசா வாங்கணும்டா," என்றார்.