கூடிய விரைவில் என்றால் எத்தனை நாள்?

சாந்தா அக்கா இறந்த செய்தி எனக்கு இரண்டாவது வண்டியில் வந்தது. அன்று சில சட்டைக் காலர்களைப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்ததால் அக்கா போன முதல் வண்டியைத் தவறவிட்டிருந்தேன். எங்கள் கம்பெனி வண்டி பொம்மசந்திராவின் உள்சாலைகளைக் கடந்து ஓசூர் ரோட்டுக்கு வந்ததும், வழக்கமாக நிற்கும் இடத்துக்கு முன்பே ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார். "இறங்காதீங்கம்மா. ஸ்வல்ப இருங்க, கொஞ்ச நேரம்" என்று கன்னடம் கலந்து சொன்னார். எதிர்ப்பக்கம் ஊருக்குள் போகிற பஸ்கள் நகராமல் நின்றன. நடு ரோட்டில் கூட்டம். அடிபட்டது யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. தடுப்புச் சுவரின் மேல் யாரோ எடுத்து வைத்திருந்த பச்சை டிபன் பையைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். அந்தப் பையின் வார் அறுந்து போய், முந்தின வாரம்தான் நான் தைத்துக் கொடுத்திருந்தேன்.

இங்கே கூடியிருக்கும் சங்கத்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். தலைவர் குமரேசன் அண்ணனும் முன்வரிசையில் இருப்பார். அவர் மேல் பழி போட இதை எழுதவில்லை. பழியில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். பதினெட்டு முடிந்ததும் இந்தத் தையல் கம்பெனியில் சேர்ந்தேன். அக்கா எனக்கு அடுத்த மெஷின். முதல் மாதம் முழுவதும் நான் வாயே திறக்கவில்லை என்று லைன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சங்கத்தில் தீர்மானப் புத்தகம் எழுத ஆள் வேண்டும் என்றபோது என் கையைப் பிடித்து அவரே தூக்கினார். "பேசறவங்க கையில பேனா குடுத்தா அவங்க பேசினத மட்டும் எழுதுவாங்க. இவதான் எல்லார் பேச்சையும் கேப்பா" என்றார். அன்றிலிருந்து என்னைக் கிளார்க்கம்மா என்றுதான் கூப்பிட்டார்.

சங்கத்துக்கு விதிகள் வந்த கதை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்னால் தலைவர் சொல்வதுதான் சங்கம். ஒரு பண்டிகைக்கு முந்தின ஞாயிறு எல்லோரும் வேலைக்கு வர வேண்டும் என்று நிர்வாகம் கேட்க, அண்ணன் தனியாகப் போய் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். நமக்கு அது அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஆளாளுக்குத் திட்டினார்கள். அக்கா மட்டும் திட்டவில்லை. "அவர ஒருத்தரதான் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு, ஃபேன் போட்டு, காபி குடுத்துப் பேசறாங்க. நம்ம செயற்குழு இருபது பேர உக்கார வெக்க அங்க நாற்காலி கிடையாது. அதான் இருபது பேரும் சேர்ந்து முடிவு பண்ணணும்ங்கறேன்" என்றார்.

மறுநாள் அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய புத்தகக் கடையில் வாங்கியது, அட்டை போயிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து படித்துக் காட்டுவார். பார்லிமென்ட் மசோதாவை நிறைவேற்றுகிறது. குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டால் அது சட்டமாகிறது. அவருக்குச் சரியாகப் படாவிட்டால் ஒரு முறை திருப்பி அனுப்பலாம். பார்லிமென்ட் மறுபடியும் அதையே நிறைவேற்றினால் அவர் மறுக்க முடியாது. இதைப் படித்ததும் அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தலைவருக்கும் மரியாதை இருக்கிறது, கடைசி வார்த்தை சபையுடையதாக இருக்கிறது என்றார். நம் செயற்குழுதான் பார்லிமென்ட், குமரேசன் அண்ணன்தான் குடியரசுத் தலைவர் என்று கேலி செய்தபடியே விதிகளை அதே மாதிரி எழுதச் சொன்னார். வேறு மாதிரி எழுதலாமே என்று யாரோ கேட்டதற்கு, "நாட்டுக்கே பத்துற சட்டம் நமக்குப் பத்தாதா?" என்றார்.

நான் எழுதினேன். தலைவர் ஒரு தீர்மானத்தைத் திருப்பி அனுப்புவதானால் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும் என்ற வரி, புத்தகத்தில் இருந்தபடியே வந்தது. என் பேனா அங்கே நின்றது. கூடிய விரைவில் என்றால் எத்தனை நாள்? அனுப்பவும் இல்லை, கையெழுத்தும் போடவில்லை என்றால் என்ன ஆகும்? வாய்க்குள்ளேயே கேட்டேன். பக்கத்து மேஜையில் தட்டுகளை அடுக்குகிற சத்தம். அக்கா தலையைச் சாய்த்து, "என்னாடி, ஏதோ சொன்னியே?" என்றார். "ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை எழுதினேன்.

என் பங்கு அவ்வளவுதான். ஒரு கேள்வி. அதை இன்னொரு தடவை உரக்கக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு வண்டித் தீர்மானம் வந்தது. சாயங்காலம் கம்பெனி வண்டி நம்மை ஓசூர் ரோட்டின் இந்தப் பக்கம் இறக்கிவிடும். நம்மில் பலர் குடியிருக்கிற ஈஜிபுராவுக்குப் பஸ் அந்தப் பக்கம். அத்தனை வேகத்தில் வரும் லாரிகளுக்கு நடுவே ஓடித்தான் கடக்க வேண்டும். வண்டி சுற்றிப் போய் அந்தப் பக்கமே இறக்கிவிட வேண்டும் என்று செயற்குழு ஒருமனதாக நிறைவேற்றியது. எழுதி, பிரதி எடுத்து, அண்ணன் கையில் கொடுத்தது நான். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது நிர்வாகத்துக்குப் போகும். படித்துப் பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பார்க்கிறேன் என்றார்.

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் நாம் மறுபடியும் நிறைவேற்றியிருப்போம், அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நிர்வாகத்துக்குப் பிடிக்காது என்று அவருக்கு பயம். நம்மிடம் வேண்டாம் என்று சொல்லவும் பயம். இரண்டு பயத்துக்கும் நம் விதியில் இடம் இருந்தது. மாதங்கள் போயின. அக்கா தினமும் தண்ணீர்க் குழாய் அருகே அவரை நிறுத்துவார். "அண்ணா, அந்தச் சட்டையத் துவைச்சிட்டீங்களா, இல்ல எங்க தீர்மானம் இன்னும் உசுரோட இருக்கா?" என்பார். அண்ணனும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு நாள் மட்டும் அக்கா சிரிக்காமல் கேட்டார். "வேணாம்னாச்சும் சொல்லுங்கண்ணா. வேணாம்னு சொன்னா எங்களுக்கு ஒரு வழி இருக்கு. நீங்க பேசாம இருந்தா நாங்க என்னா பண்றது?"

அக்கா இறப்பதற்கு நாலு நாள் முன்பு, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அரசியல் சட்டப் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாட்டில்கூட ஒரு மசோதா இப்படிக் கையெழுத்தும் ஆகாமல் திரும்பியும் வராமல் கிடந்ததாக எங்கோ படித்ததைச் சொன்னார். ஓட்டையையும் சேர்த்துக் காப்பி அடித்துவிட்டோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, "இத்தன பேரு உக்காந்து எழுதினோம். நாள் கணக்கு போடணும்னு ஒருத்தருக்குக்கூட தோணலயே, கிளார்க்கம்மா" என்றார். எனக்குத் தோன்றியது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் டிக்கெட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். அடுத்த பொதுக்குழுவில் இதைத் திருத்த வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த பொதுக்குழு இன்றுதான்.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் காலையில் அண்ணன் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். மடித்த இடங்களில் கிழியத் தொடங்கியிருந்தது. நிர்வாகம் இரண்டே நாளில் ஒத்துக்கொண்டது. இப்போது வண்டி அந்தப் பக்கமே நிற்கிறது. தினமும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறேன், ஒரு காரைக்கூடக் கடக்காமல். அந்த நாலு அடியை வைக்கும்போதெல்லாம் தடுப்புச் சுவரைத் திரும்பிப் பார்க்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறேன். என்ன செய்தால் இது தீரும் என்று எனக்குத் தெரியவில்லை. எதைச் செய்தாலும் தீராது என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவின் மகள் அந்த அட்டையில்லாத பிரதியை எனக்குக் கொடுத்தாள். அவர் கடைசியாகப் படித்த பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் இருக்கிறது. அதை எடுக்கவில்லை. அந்தப் பிரதியும், நான் விழுங்கிய கேள்வியும்தான் அவர் நினைவாக என்னிடம் இருப்பவை.

இன்னொரு தீர்மானமும் தலைவரிடம் இருக்கிறது. தீப்பிடித்தால் வெளியே ஓட வேண்டிய பின் படிக்கட்டுக் கதவை வேலை நேரத்தில் பூட்டக் கூடாது என்பது. அதற்கும் அவர் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம்மில் முந்நூறு பேர் தினமும் அந்தப் பூட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தைக்கிறோம்.

இதை வேறு யாராவது படித்துவிடட்டுமே என்று சொன்னார்கள். நானே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். குரல் போதவில்லை என்றால் சொல்லுங்கள், மறுபடியும் படிக்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் ஒரு திருத்தம் எழுதி வைத்திருக்கிறேன். கூடிய விரைவில் என்பதை அடித்துவிட்டு, ஏழு நாளுக்குள் என்று. ஏழாம் நாள் முடிந்தால் தலைவர் கையெழுத்து இல்லாமலே தீர்மானம் நிர்வாகத்துக்குப் போகும். முன்மொழிபவர் என்ற இடத்தில் முதல் முறையாக என் பெயரை எழுதியிருக்கிறேன். வழிமொழிபவர் என்ற இடத்தில் எப்போதும் சாந்தா அக்காதான் கையெழுத்துப் போடுவார். அது காலியாக இருக்கிறது. பேனா புத்தகத்தின் மேலேயே இருக்கிறது.